தம்பி சுரங்க வேலைக்குப் போகிறான்: மலேரியா, எச்.ஐ.வி. திட்டங்களை நம்பலாமா?

பாமணியாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மன்னார்குடி. என் தம்பிக்கு ஜாம்பியாவில் ஒரு தாமிரச் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம். அவனுக்குத் திருமணமாகி ஏழு மாதம்தான் ஆகிறது. ஏஜென்ட் கொடுத்த தாள்களில் "பணியிட நலத் திட்டம்" என்று நான்கு பக்கம் இருக்கிறது. வீட்டுச் சுவரில் கொசு மருந்து அடிப்பார்களாம், கொசுவலை தருவார்களாம், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் உண்டாம். அந்தப் பக்கத்தைப் படித்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. "இவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்றால் அங்கே அவ்வளவு நோய் இருக்கிறது என்றுதானே பொருள்" என்கிறார்.

எனக்கு இரண்டு கேள்விகள். இந்தத் திட்டமெல்லாம் உண்மையிலேயே நடக்கிறதா, தாளோடு சரியா? இரண்டாவது, எச்.ஐ.வி. பரிசோதனையைத் தங்கள் லேபிலேயே எடுத்து முடிவையும் தங்களிடமே கொடுத்துவிட வேண்டும் என்று ஏஜென்ட் சொல்கிறார். அது முறைதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கொள்ளிடக்கரை எழுதியது:

சகோதரி, நான் ஜாம்பியாவின் கிட்வே நகரத்தில் ஆறு ஆண்டுகள் சுரங்க லாரிகளுக்கு மெக்கானிக்காக இருந்தவன். சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

மருந்து அடிப்பது உண்மை. அங்கே மழை நவம்பரில் தொடங்கும். அதற்கு முன்பே ஆட்கள் வந்துவிடுவார்கள். முதல் நாளே தகவல் வரும். மறுநாள் காலையில் கட்டில், மெத்தை, சட்டி, பானை எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து போட வேண்டும். முதுகில் தொட்டி, முகத்தில் மூடி, கையில் ரப்பர் உறையோடு ஒருவர் உள்ளே போவார். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்று, மேலிருந்து கீழாக, ஒரே சீரான வேகத்தில் பட்டை பட்டையாக அடித்துக்கொண்டே வருவார். வெள்ளையடிப்பவரின் கைப்பழக்கம் அது. முடித்ததும் கதவில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டுப் போவார். மருந்து காயும்வரை உள்ளே போகக் கூடாது.

அந்த மருந்து கொசுவை விரட்டுவதற்காக அல்ல. ரத்தம் குடித்த கொசு உடல் கனத்துப்போய்ப் பக்கத்துச் சுவரில் உட்காரும். உட்கார்ந்தால் காலில் மருந்து பட்டுச் சாகும். அதனால் மருந்து அடித்த சுவரைக் கழுவினாலோ, புதிதாக வெள்ளையடித்தாலோ எல்லாம் வீண். வந்த புதிதில் எங்கள் ஆட்களில் ஒருவர் பொங்கலுக்கு வீட்டைக் கழுவிவிட்டார். அவருக்குத்தான் முதலில் காய்ச்சல் வந்தது.

தம்பியிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். நம் ஊரில் காய்ச்சல் என்றால் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம். அங்கே அப்படிப் பார்க்கக் கூடாது. அங்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை மலேரியா, உயிருக்கே ஆபத்தானது. அந்த ஊர்க்காரர்களுக்குச் சிறுவயதிலிருந்து அடிபட்டு அடிபட்டு வந்த ஓரளவு எதிர்ப்பு உண்டு. மன்னார்குடிப் பிள்ளைக்கு அது துளியும் கிடையாது. என் அறையில் இருந்த ஒரத்தநாட்டுக்காரர் வேலை அசதி என்று நினைத்து இரண்டு நாள் படுத்திருந்தார். மூன்றாம் நாள் பேச்சு குழறியது. ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா ஊசியில்தான் மீண்டார். காய்ச்சல் கண்ட அன்றே விரலில் குத்திப் பார்த்துவிட வேண்டும். விடுமுறையில் ஊருக்கு வந்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தாலும், "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன்" என்பதுதான் டாக்டரிடம் சொல்லும் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். இங்கே டெங்கு என்று நினைத்து நாளைக் கடத்திவிடுவார்கள்.

---

வலங்கைமான் செல்வம் எழுதியது:

மலேரியாவைப் பற்றிப் பேசுவது சரி. எய்ட்ஸ் பேச்சு எதற்கு? ஒழுக்கமான குடும்பத்துப் பிள்ளைக்கு அது எங்கிருந்து வரப்போகிறது? திருமணமாகி ஏழு மாதம் ஆன பெண்ணின் காதில் இதையெல்லாம் போட்டு ஏன் கலவரப்படுத்த வேண்டும்?

---

நாகை ஆய்வகம் எழுதியது:

செல்வம் அண்ணா, நான் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் மையத்தில், பதினோரு ஆண்டுகளாக ரத்தம் எடுக்கிறேன். ஒழுக்கத்தை வைத்து ஒரு பரிசோதனைக் கிட்டும் கோடு காட்டி நான் பார்த்ததில்லை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். லெசோத்தோ, மொசாம்பிக் ஊர்களிலிருந்து ஆண்களை மட்டும் கூட்டிவந்து, ஆண்கள் விடுதிகளில் படுக்கைக்கு மேல் படுக்கை போட்டு அடைத்தார்கள். ஆண்டில் பெரும்பகுதி குடும்பத்தைப் பிரிந்த வாழ்க்கை. விடுதி வாசலில் சாராயக் கடை. பாறைத் தூசியால் நுரையீரல் கெட்டிருந்தது, அதன் மேல் காசநோய் வந்தது, அதற்கும் மேல் எச்.ஐ.வி. வந்தது. அந்த ஆண்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்வீர்களா? குடும்பத்தைப் பிரித்து வைத்த ஏற்பாடுதான் கெட்டது.

இனி சகோதரியின் இரண்டாவது கேள்வி. ஏஜென்ட் சொல்வது முறையல்ல. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை கொடுப்பதற்கு நிபந்தனையாக இந்தப் பரிசோதனையைக் கேட்கக் கூடாது. ஒருவரின் தெளிவான சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, முடிவை மூன்றாம் ஆளிடம் சொல்லவும் கூடாது. நூறு பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனத்தில் இதற்கென்று ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும். இது நம் நாட்டுச் சட்டம். வளைகுடா நாடுகளைப் போல, போகிற நாடே விசாவுக்கு மருத்துவச் சான்று கேட்டால் அது வேறு விஷயம். இங்கே உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் தன் மேசை டிராயரில் ஒருவரின் ரத்த முடிவை வைத்துக்கொள்ள எந்த உரிமையும் இல்லை.

தம்பியும் அவர் மனைவியும் சேர்ந்து அருகிலுள்ள அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்கு வரட்டும். பணம் கிடையாது. முடிவு அவர்கள் கையில் மட்டும்தான் தரப்படும். சந்தேகம் இருந்தால் 1097க்குப் போன் செய்து கேட்கலாம். பயப்படுவதற்காக வர வேண்டாம். போகும்போது எப்படிப் போனோம் என்பது இருவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

நான் இந்தக் குழுவில் எப்போதாவதுதான் எழுதுவேன். செல்வம் அண்ணனின் பதிவைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கணவர் வெளி மாநிலத்தில் ஒரு குவாரியில் லாரி ஓட்டினார். 2003இல் அங்கே எல்லா டிரைவர்களுக்கும் "சர்க்கரை பார்க்கிறோம்" என்று சொல்லி ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. உடன் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு மட்டும் அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் கணவர் ஊருக்கு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. குழாயடியில் என் குடத்தைத் தள்ளிவைத்த அன்றுதான் எனக்கே தெரியும். அப்போது நான் ஆறு மாதக் கர்ப்பிணி.

அடுத்த ஆண்டு, 2004இல், தாம்பரம் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதைக் கேள்விப்படும்போது அவர் இல்லை. நான் மாத்திரை சாப்பிடத் தொடங்கி இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன. என் ரத்தத்தில் இப்போது கிருமி அளவுக்கு அகப்படாத நிலை. மகன் இந்த ஆண்டு கல்லூரி முடிக்கிறான். அவனுக்கு நோய் இல்லை.

அந்தக் குவாரியில் திட்டம் என்ற பெயரில் ஒன்று இருந்தது. சுவரில் பெரிய படம் ஒட்டியிருந்தார்கள் என்று அவர் சொல்வார். ரத்தத்தை எடுத்தவர்கள் அவரை உட்காரவைத்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். சகோதரி, ஏழு மாதம் ஆன அந்தப் பெண்ணின் காதில் தயவுசெய்து எல்லாவற்றையும் போடுங்கள். கலவரப்பட்டாலும் பரவாயில்லை.

---

வலங்கைமான் செல்வம் எழுதியது:

அம்மா, மன்னித்துவிடுங்கள். நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

---

கோணையன் பாலம் எழுதியது:

ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். பட்டுக்கோட்டைக்காரன். சுரங்கத்துக்கும் நமக்கும் என்ன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தத் தாமிரச் சுரங்கத்துக் கொசு ஒழிப்பில் நம் மாவட்டத்துக்காரர்களின் ரத்தம் இருக்கிறது.

1901இல் மலாயாவின் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் வேலைக்கு வந்தார். புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போனது. வாட்சன் சதுப்பை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார். அதையே ரப்பர் தோட்டங்களுக்கும் கொண்டுபோனார். தோட்டங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள், நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள். என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர்தான், திரும்பவில்லை. கடலோரத்தில் பலித்த வழி மலைச்சரிவில் பலிக்கவில்லை. காட்டை வெட்டினால் கொசு போய்விடும் என்று வெட்டினார்கள், காய்ச்சல் கூடியது. கடலோரக் கொசு நிழல் தேடுவது. மலை ஓடையில் முட்டையிடும் கொசுவோ வெயில் விரும்புவது. நிழலை எடுத்தவுடன் அதற்கு விருந்து வைத்ததுபோல ஆகிவிட்டது. எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது என்ற பாடம் தோட்டத்துக் கூலிகள் செத்துச் செத்துக் கிடைத்தது. அதே வாட்சனைத்தான் 1929இல், இன்றைய ஜாம்பியாவில் லுவான்ஷ்யா ஊரிலுள்ள ரோன் ஆன்டலோப் தாமிரச் சுரங்கம் அழைத்தது. ஆற்றோரப் புதரை வெட்டி, தேங்கிய நீரை வடித்து, எண்ணெய் தெளித்து, வலையும் கொய்னா என்ற காய்ச்சல் மருந்தும் கொடுத்து அங்கே சாவைக் குறைத்தார்கள். தம்பி போகப்போவது அந்த வட்டாரத்துக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேட்டூர் அணை 1934இல் திறந்து, கல்லணைக் கால்வாயில், அதாவது நம் புது ஆற்றில், தண்ணீர் வந்ததும் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் மலேரியா வந்தது. கரைக்கு மண் எடுத்த பள்ளங்களிலும் கசிவுத் தண்ணீரிலும் கொசு பெருகியது. பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடன் வேலை பார்த்த நம் ஊர் ஆட்களும் இங்கேயே தங்கி ஆராய்ந்தார்கள். வயலுக்கு மேல் அந்தக் கொசு ஆடி ஆடித்தான் முட்டையைத் தண்ணீரில் போடும். நெற்பயிர் ஓரடி உயர்ந்துவிட்டால் ஆட இடமில்லாமல் வேறு இடம் தேடும். தண்ணீரில் குச்சிகளை நெருக்கமாக நட்டு வைத்தே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆக, ஆபத்து நட்ட புதிதில்தான், வளர்ந்த வயலில் இல்லை. வீட்டுக்குள் மருந்து அடித்து வளர்ந்த கொசுவைக் கொல்லும் முறையையும், டி.டி.டி. என்ற செயற்கைப் பூச்சிமருந்து வருவதற்கு முன்பே, பைரித்திரம் பூமருந்தை வைத்துப் பட்டுக்கோட்டைக் கிராமங்களில் செய்து பார்த்தார்கள். கிட்வேயில் கொள்ளிடக்கரை தம்பி பார்த்த சுவர் மருந்துக்கு அதுவும் ஒரு மூத்த உறவு.

---

சூளை மேடு எழுதியது:

ஐயா எழுதியது நெஞ்சைத் தொட்டது. ஆனால் நடைமுறையும் பேச வேண்டும். கொள்ளிடத்துக்குத் தென்கரையில் எனக்கு ஒரு செங்கல் சூளை இருக்கிறது. நானும் மண் தோண்டுகிறவன்தான். செங்கல் மண் சட்டப்படி சிறு கனிமம். ஒடிசாவிலிருந்து பன்னிரண்டு குடும்பங்கள் வந்து ஆறு மாதம் தங்குகின்றன. போன பருவத்தில் நான்கு பேருக்குக் குளிர்காய்ச்சல். ஆப்பிரிக்கச் சுரங்கத்துக்கு வருமானம் டாலரில் வருகிறது, அவர்கள் ஆஸ்பத்திரியே கட்டுவார்கள். மழை ஒன்று கூடப் பெய்தால் இன்னும் சுடாத என் பச்சைக் கல் மொத்தமும் கரைந்துவிடும். என்னைப் போன்றவன் என்ன திட்டம் போட முடியும்? இது அரசாங்கத்தின் வேலை இல்லையா?

---

நாகை ஆய்வகம் எழுதியது:

அரசாங்கத்தின் வேலைதான் அண்ணா, அரசாங்கம் செய்யவும் தயார். ரத்தத் தடவல் இலவசம், மாத்திரை இலவசம். உங்களிடம் இல்லாத பணத்தை யாரும் கேட்கவில்லை.

குடும்பங்கள் வந்து இறங்கிய அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் செய்யுங்கள், சுகாதார ஆய்வாளர் சூளைக்கே வந்து எல்லோரின் விரலிலும் குத்தி ஸ்லைடு எடுத்துக்கொண்டு போவார். மண் குழைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கும் சிமென்ட் தொட்டியை வாரம் ஒருநாள் காயவிடுங்கள், முடியாவிட்டால் கொசுப் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் கேளுங்கள், தருவார்கள். இதெல்லாம் எளிது. மாத்திரைதான் கடினம். வைவாக்ஸ் வகை மலேரியா என்றால் காய்ச்சல் மூன்று நாள் மருந்திலேயே நின்றுவிடும். ஆனால் கிருமி ஈரலில் ஒளிந்திருக்கும். அதை ஒழிக்கப் பதினான்கு நாள் பிரைமாகுயின் என்ற மாத்திரை சாப்பிட வேண்டும். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. பதினான்கு நாளையும் யார் முடிக்கிறார்கள்? நான்காம் நாளே உடம்பு சரியாகிவிடும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. ஊரிலேயே முன்பணம் வாங்கிவிட்டு வந்திருக்கிறார்கள். கல் அறுக்காத நாள் கடனில் ஏறுகிற நாள். காய்ச்சலோடும் மண் மிதிப்பார்கள், மாத்திரை தலை சுற்றுகிறது என்று தூக்கிப் போடுவார்கள். பருவம் முடிந்து ஊர் போகும்போதோ, அடுத்த சூளைக்குப் போகும்போதோ மறுபடியும் குளிரெடுக்கும்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். காய்ச்சல்காரருக்கு மூன்று நாள் கூலியை விட்டுக்கொடுங்கள். பதினான்கு நாளும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஸ்திரி முன்னால் மாத்திரையை விழுங்கச் சொல்லுங்கள். நான்கு பேருக்கு மூன்று நாள் கூலி எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

---

கொள்ளிடக்கரை எழுதியது:

சூளை அண்ணன் கேட்டதற்கு ஒரு வார்த்தை. சுரங்க முதலாளிகளும் தருமத்துக்காகச் செய்யவில்லை. பயிற்சி கொடுத்த ஆள் செத்தால் இன்னொருவரைப் பழக்க ஆகும் செலவையும், காய்ச்சலில் போகும் ஷிஃப்டுகளையும் கூட்டிப் பார்த்தார்கள், மருந்து மலிவாக இருந்தது. போட்ஸ்வானாவின் டெப்ஸ்வானா வைரக் கம்பெனி 2001இல் ஊழியருக்கும் மனைவிக்கும் எச்.ஐ.வி. மருந்து கொடுக்கத் தொடங்கியது. ஆங்கிலோ அமெரிக்கன் என்ற சுரங்கக் கம்பெனி 2002இல் ஊழியர்களுக்குக் கொடுத்தது, குடும்பத்தாருக்குப் பின்னர்தான் விரிந்தது. இந்த வித்தியாசம் சின்னதல்ல. கணவனுக்கு மருந்து, மனைவிக்கு இல்லை என்றால் அவன் மாத்திரையைப் பாதியாக உடைப்பானா, மாட்டானா?

மலேரியாவிலும் அப்படித்தான். கானாவில் ஒபுவாசி தங்கச் சுரங்கம் 2006இல் தெளிப்பைத் தொடங்கியபோது குவார்ட்டர்ஸோடு நிற்கவில்லை, ஊர் முழுக்க வீடு வீடாக அடித்தார்கள். இரண்டே ஆண்டில் நோயாளிகள் சுமார் 75 சதவீதம் குறைந்தார்கள். வேலிக்குள் மட்டும் அடித்திருந்தால் சாயங்காலம் வேலி தாண்டி வருகிற கொசுவை யார் தடுப்பது? நான் இருந்த இடத்தில் நிரந்தர ஆட்களின் வீடுகளுக்கு மருந்து உண்டு. எங்களோடு ஒரே குழியில் இறங்கிய கான்ட்ராக்ட் ஆட்கள் வாடகைக்கு இருந்த தகரக் கொட்டகைகளுக்கு முதல் மூன்று ஆண்டு வரை இல்லை. எங்கள் கதவில் சாக்பீஸ் தேதி இருக்கும், அவர்கள் கதவில் இருக்காது. காய்ச்சல் பட்டியலில் யார் பெயர் நீளமாக இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று. தென்னாப்பிரிக்காவில் பதினைந்து தங்கச் சுரங்கங்களில் ஏறத்தாழ 27,000 பேரை வைத்துப் பெரிய ஆய்வு செய்தார்கள். பாதிச் சுரங்கங்களில் எல்லோருக்கும் காசநோய்த் தடுப்பு மாத்திரை ஒன்பது மாதம். 2014இல் முடிவு வந்தது. சாப்பிடும்வரை காத்தது, நிறுத்திய பிறகு மற்றச் சுரங்கங்களுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் இல்லை. தூசி அப்படியே இருந்தது, நெரிசலான விடுதியும் அப்படியே இருந்தது.

பாமணியாறு சகோதரி, தாளில் தேட வேண்டியது நான்கு பக்கமா ஐந்து பக்கமா என்பதல்ல. தம்பி நேரடி ஊழியரா, இடைத்தரகர் மூலம் கான்ட்ராக்ட்டா? கான்ட்ராக்ட் என்றால் அவர் தங்கும் வீட்டுக்கு மருந்து உண்டா? இரவில் காய்ச்சல் வந்தால் சுரங்க கிளினிக் பார்க்குமா? பரிசோதனை முடிவு மேலாளருக்குப் போகுமா? மனைவியை அழைத்துக்கொள்ளலாமா? இவற்றை எழுத்தில் கேளுங்கள்.

---

பாமணியாறு எழுதியது:

எல்லோருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பதில்களை அச்செடுத்து தம்பியிடமும் அவன் மனைவியிடமும் கொடுத்தேன். வெண்ணாற்றங்கரை அக்காவின் பதிவை அந்தப் பெண் இரண்டு முறை படித்தாள். மறுநாள் "நானும் வருகிறேன்" என்று அவளே கிளம்பினாள். இருவரும் நம்பிக்கை மையத்துக்குப் போய் வந்தார்கள். முடிவை எங்களிடம் சொல்ல வேண்டியதில்லை என்று நானே சொல்லிவிட்டேன்.

ஏஜென்டுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினோம். பரிசோதனை முடிவு தங்களுக்கு வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டார். கான்ட்ராக்ட்தானாம், தங்குமிடம் சுரங்கக் குடியிருப்புக்குள்தானாம், கிளினிக் இரவிலும் உண்டாம். மனைவியை அழைத்துக்கொள்வது பற்றி மட்டும் "விசாரித்துச் சொல்கிறேன்" என்றார். ஒன்பது நாள் ஆகிவிட்டது. அந்தப் பதில் எழுத்தில் வராமல் தம்பி கையெழுத்துப் போடுவதாக இல்லை. அம்மா நேற்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

---

சூளை மேடு எழுதியது:

நாகை ஆய்வகம் தம்பிக்கு: கணக்குப் போட்டேன். நான்கு பேருக்கு மூன்று நாள் கூலி, எனக்கு ஒரு லாரி கல்லில் உடைசலாகப் போகிற பணம்கூட இல்லை. தை பிறந்ததும் ஆட்கள் வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே பேசிவிட்டேன். எத்தனை பேர் என்று கேட்டார்கள். குழந்தைகளையும் சேர்த்து எண்ணிச் சொல்ல வேண்டுமாம். இத்தனை ஆண்டில் குழந்தைகளை நான் எண்ணியதே இல்லை. மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறேன்.